பழைய பைக்குக்கு டயர் தேடுகிறீர்களா? எண்ணில் ஏமாற வேண்டாம்

பழைய பைக் வாங்கியவர் டயர் மாற்ற நினைத்ததும் முதலில் செய்வது, வண்டியில் இப்போது இருக்கும் டயரைக் குனிந்து பார்த்து, அதில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்வதுதான். தவறு பெரும்பாலும் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. ஐம்பது வருடம் ஓடிய வண்டி எத்தனை கை மாறியிருக்குமோ! அந்த டயரை மாட்டியவர் அளவு பார்த்துத்தான் மாட்டினார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அன்று கிடைத்ததை மாட்டியிருக்கலாம், "பின்னாடி கொஞ்சம் அகலமா இருந்தா நல்லா இருக்கும்" என்று ஆசைப்பட்டும் மாட்டியிருக்கலாம். ரிம்மையே மாற்றிய வண்டிகளும் உண்டு.

அதனால் வண்டியோடு வந்த பழைய கையேட்டைத் தேடுங்கள். பழைய புல்லட் 350-க்கு முன்னும் பின்னும் 3.25-19 என்பது போல, உங்கள் வண்டிக்கும் ஓர் அளவு எழுதப்பட்டிருக்கும். அப்புறம் அந்த அளவுக்கான ரிம்தான் வண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஸ்போக் ரிம்களில் டபிள்யூஎம்1, டபிள்யூஎம்2 என்று அடித்திருப்பார்கள். டபிள்யூஎம்1 என்றால் அகலம் 1.60 அங்குலம், டபிள்யூஎம்2 என்றால் 1.85, டபிள்யூஎம்3 என்றால் 2.15. துருவில் எழுத்து மறைந்திருந்தால் அளந்துதான் பார்க்க வேண்டும். இங்கேயும் ஒரு வழுக்கல் இருக்கிறது. ரிம்மின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு அளக்கக் கூடாது. டயரைக் கழற்றிவிட்டு, இரண்டு விளிம்புகளின் உட்பக்கங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளக்க வேண்டும்.

இனி எண்களுக்கு வருவோம். 3.50-18 என்பதில் 3.50 டயரின் அகலம், 18 ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். டயரின் உயரம், அதாவது ரிம்மிலிருந்து தரையில் படும் பரப்பு வரை உள்ள தூரம், அதில் எழுதப்படவில்லை. அந்தக் காலத்து டயர்களில் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று என்பதால் எழுதத் தேவைப்படவில்லை. புதிய டயரில் 100/90-18 என்று இருந்தால் அகலம் 100 மி.மீ., உயரம் அதில் 90 சதவீதம், ரிம் மட்டும் பழையபடி அங்குலத்தில். சரி, 3.50 அங்குலம் என்றால் 89 மி.மீ., ஆகவே 90/90-18 வாங்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 3.50-18 டயரின் மொத்த விட்டம் சுமார் 635 மி.மீ. 90/90-18 டயருக்கு 619தான் வரும். 100/90-18 எடுத்தால் 637. அதனால்தான் 3.50-க்கு மாற்றாக 100/90-ஐச் சொல்கிறார்கள். ஸ்பீடோமீட்டர் முன்சக்கரத்திலிருந்து ஓடும் வண்டியில் முன்டயரின் விட்டம் குறைந்தால், முள் உண்மையைவிட அதிக வேகம் காட்டும்.

இதைவிடக் குழப்பமானவை 3.60, 4.10 போன்ற அளவுகள். பார்த்தால் பழைய அங்குல எண் போலவே இருக்கும். ஆனால் இவை பிற்பாடு வந்த தாழ்ந்த வகை, உயரம் அகலத்தில் 85 சதவீதம்தான். எனவே 4.10-18 டயர் 4.00-18-ஐவிடப் பெரியது என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். உயரத்தில் அது 3.50-18-க்குத்தான் இணை. 4.00-18 அதைவிட விட்டத்தில் 25 மி.மீ.க்கு மேல் பெரியது. இன்னும் பழைய வண்டிகளில் 26×3.25 என்று கண்டால் 26 அங்குல ரிம்மைத் தேடி அலையாதீர்கள். அந்த 26 டயரின் வெளிவிட்டம், இன்றைய கணக்கில் அது 3.25-19. எழுத்தில் தொடங்கும் அளவுகளும் உண்டு: எம்டி90-16 என்றால் 130/90-16, எம்எச்90-21 என்றால் 80/90-21.

"ஒரு சைஸ் கூட்டிப் போட்டால் பிடிமானம் கூடும்" என்ற நம்பிக்கையில் நானும் விழுந்திருக்கிறேன். டபிள்யூஎம்2 ரிம்மில் 110/90-18 மாட்டினேன். குறுகிய ரிம் டயரின் அடியை இரு பக்கமும் நெருக்க, நடுப்பகுதி கூம்பிக்கொண்டது. தரையில் படும் பரப்பு கூடவில்லை, வளைவில் வண்டி திடீரென்று சாய்ந்தது. கூடவே செயின்கார்டில் டயர் உரசும் சத்தம் வேறு. அந்த டயர் பெரும்பாலும் 2.15 அங்குலமோ அதற்கு மேலோ அகலமுள்ள ரிம்மைக் கேட்கும் என்பதை அதற்குப் பிறகுதான் படித்தேன். டயர் தயாரிப்பாளர் ஒவ்வொரு அளவுக்கும் பொருந்தும் ரிம் அகலத்தைப் பட்டியலில் கொடுக்கிறார். வாங்கும் முன் அதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

டியூப் விஷயம் சிறியதுதான், ஆனால் ஆபத்தானது. டயரில் டியூப்லெஸ் என்று இருந்தாலும், சாதாரண ஸ்போக் ரிம்மில் டியூப் இல்லாமல் ஓட்ட முடியாது. ஸ்போக் துளை வழியே காற்று போய்விடும். போடும் டியூப் புதிதாகவும் அந்த அளவுக்கு உரியதாகவும் இருக்கட்டும். ரேடியல் டயரின் (உள்ளே நூல் அடுக்குகள் விளிம்புக்கு விளிம்பு நேராக ஓடும் வகை) பக்கம் போகவே வேண்டாம். இந்த வண்டிகளும் இவற்றின் குறுகிய ரிம்களும், நூல் அடுக்குகள் சாய்வாகக் குறுக்கே ஓடும் பயாஸ் டயருக்காகச் செய்யப்பட்டவை. முன்னே ஒன்று, பின்னே ஒன்று என்று இரண்டையும் கலப்பது அதைவிட மோசம்.

அளவு பொருந்தியதும் அங்கேயே நின்றுவிடுகிறவர்கள் நிறைய. அதே வரியில் டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்ணும், அதன் உச்ச வேகத்தைக் குறிக்கும் எழுத்தும் இருக்கும். எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ., எச் என்றால் 210. கையேட்டில் சொன்னதற்குக் குறைவாக வாங்காதீர்கள். பழைய வண்டிக்கான அபூர்வ அளவுகள் கடையில் வருடக்கணக்கில் கிடப்பதுண்டு, ஆகவே தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அந்த டயர் 2000-க்கு முந்தியது, பட்டன்கள் தேயாமல் புதிது போல மின்னினாலும் வேண்டாம்.

மாட்டியபின் சக்கரத்தை வெறுமனே ஒரு சுற்று சுற்றிப் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். பின்சக்கரத்தை, செயினை இறுக்கும் வழியில் முடிந்தவரை முன்னே தள்ளி வைத்துப் பாருங்கள், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் உரசுவது அங்கேதான் தெரியும். அப்புறம் ஒருவரைப் பின்னால் உட்காரவைத்து வண்டியை அழுத்தி, மட்கார்டுக்குள் கையை விட்டுப் பாருங்கள். வேகத்தில் டயர் கொஞ்சம் விரியும், அதற்கும் இடம் வேண்டும்.