சேலத்தில் ஏறினால் சென்னைக்கு எவ்வளவு நேரம்? நீங்களே கணக்குப் போடலாம்

தர்மபுரியிலிருந்து விமானம் ஏற வேண்டுமென்றால் கிட்டத்தில் இருப்பது ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையம்தான். அங்கிருந்து சென்னை எத்தனை கிலோமீட்டர், பறக்க எவ்வளவு நேரம் என்பதை ஒரு கால்குலேட்டரை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

படி 1: கூகுள் மேப்பில் ஓடுபாதையின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். இரண்டு எண்கள் வரும். முதலாவது அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. சேலத்துக்கு 11.78, 78.07. சென்னைக்கு 12.99, 80.17.

படி 2: பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். அட்சரேகையில் 1.21, தீர்க்கரேகையில் 2.10 வரும். அட்சரேகையில் ஒரு பாகை என்பது தரையில் 111 கி.மீ. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. அல்லவா, அதை 360ஆல் வகுத்தால் கிடைப்பது இது. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கிவிடும் என்பதால், நம் பக்கத்தில் ஒரு பாகைக்கு 108 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, சென்னை வடக்கே 134 கி.மீ., கிழக்கே 227 கி.மீ. தள்ளி இருக்கிறது.

படி 3: பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான். 134, 227 இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். 264 கி.மீ.

படி 4: சிறிய ஊர்களுக்கு வரும் ஏடிஆர் 72 மாதிரியான புரொப்பல்லர் விமானம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகத்தில் பறக்கும். 264ஐ 500ஆல் வகுத்தால் 32 நிமிடம். ஆனால் விமானம் ஓடுபாதைக்கு நகர்ந்து போக வேண்டும், மேலே ஏற வேண்டும், வேகத்தைக் குறைத்து இறங்க வேண்டும். இதற்கெல்லாம் அரை மணி நேரம் கூட்டுங்கள். மொத்தம் ஒரு மணி நேரம். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரமும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், தரையில் நகரும் நேரத்தையும் சேர்த்தே போடுவார்கள்.

படி 5: புதிதாகப் போகிறவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து காமலாபுரம் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம், பரிசோதனைக்கும் காத்திருப்புக்கும் ஒன்றரை மணி நேரம், பறக்க ஒரு மணி நேரம், சென்னையில் பெட்டியை எடுத்து வெளியே வர அரை மணி நேரம். நாலேகால் மணி நேரம் ஆகிவிட்டது. மொரப்பூரில் ரயில் ஏறினாலும் சென்னைக்குக் கிட்டத்தட்ட இதே நேரம்தான், செலவோ மிகக் குறைவு. சென்னைக்கு நான் ரயிலைத்தான் சொல்வேன்.

ஹைதராபாத் என்றால் கதை வேறு. அதன் விமான நிலையம் 17.24, 78.43. தீர்க்கரேகை வித்தியாசம் வெறும் 0.36, அதாவது நேர் வடக்கே பறக்கிறீர்கள். தூரம் சுமார் 607 கி.மீ., நேரம் ஒன்றே முக்கால் மணி. சாலையில் போனால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். அந்த வழியில் விமானம் என்றைக்கு இருக்கிறது என்று பார்த்துவிட்டு, தாராளமாகப் பதிவு செய்யுங்கள்.

கிருஷ்ணகிரிக்காரர்கள் பெங்களூரில் ஏறுவதாக இருந்தால் ஐந்தாவது படியில் இன்னும் கவனமாக இருங்கள். விமான நிலையம் நகரத்துக்கு அந்தப் பக்கம் தேவனஹள்ளியில் இருக்கிறது. ஓசூரைத் தாண்டி, முழு பெங்களூரையும் கடக்க வேண்டும். மாலை நேரத்து விமானம் என்றால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.