லேப்டாப்ப மூடுறதுக்கு முன்னாடி ஒரு 10 நிமிஷம்

சாஃப்ட்வேர் கோடு (code) அடிக்கிறவங்களுக்கு வேலை நேரம்னு ஒண்ணு பேப்பர்ல மட்டும்தான், ஏன்னா சிஸ்டத்த ஷட்டவுன் பண்ணினாலும் அந்த பக், அதாவது கோடுல இருக்குற தப்பு, மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும், குளிக்கும்போது, சாப்பிடும்போது, புள்ள ஏதோ கேக்கும்போது கூட "ம்ம்"னு சொல்லிட்டு அந்த எரர் எங்கேர்ந்து வருதுன்னு யோசிச்சிட்டு இருப்போம். பாதில விட்ட வேலைதான் மனசுல ஒட்டிக்கும்னு ப்ளூமா ஜைகார்னிக்ங்கிற உளவியலாளர் 1927லயே எழுதிட்டாங்க.

நான் பண்றது இதான். கிளம்புற டைமுக்கு 10 நிமிஷம் முன்னாடி அலாரம். அடிச்சதும் புதுசா ஒரு லைன் கூட எழுதுறதில்ல, எத ட்ரை பண்ணேன், நாளைக்கு மொதல்ல எத பாக்கணும்னு ரெண்டு மூணு வரி, கோடுக்கு உள்ளயே கமென்ட்டா, அதாவது ரன் ஆகாத குறிப்பா. "தேதி காலியா வந்தா உடையுது, டைம்ஸோன் மாத்துற இடத்துல என்ன நடக்குதுன்னு லாக் (log) எழுத விட்டு பாரு" இந்த மாதிரி. முடிஞ்சா ஃபெயில் ஆகுற டெஸ்ட் (கோடு சரியா ஓடுதான்னு சோதிக்கிற சின்ன கோடு) ஒண்ண அப்படியே விட்டுட்டு போங்க, காலைல ரன் பண்ணினா எங்க ஆரம்பிக்கணும்னு அதுவே காட்டிடும். (தனி பிராஞ்ச்ல, அதாவது கோடோட தனி காப்பில வைங்க, எல்லாரும் யூஸ் பண்ற மெயின்ல புஷ் பண்ணி டீம்கிட்ட திட்டு வாங்காதீங்க.)

அப்புறம் ஆபீஸ் சாட் நோட்டிஃபிகேஷன ஆஃப் பண்ணிடுங்க. ஆன்-கால்னா, அதாவது ஏதாவது உடைஞ்சா எந்நேரமும் கூப்பிடுற டியூட்டினா, அது வேற கதை, ராத்திரி எழுப்பி விட்டா மறுநாள் காம்ப் ஆஃப் (அதுக்கு ஈடா லீவு) கேளுங்க, கூச்சமே படாதீங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெப்லாய்மென்ட்டா, அதாவது புது கோட யூஸ் பண்றவங்களுக்கு விடுறதா? சாமி சத்தியமா வேணாம், திங்கக்கிழமை பண்ணிக்கலாம்.