கால்பந்து ஆட்டக்காரர் பயிற்சியாளராக மாறுவது எப்படி?

எத்தனை கோப்பை ஜெயித்திருந்தாலும் சரி, முதல் வேலை பயிற்சியாளர் உரிமம் எடுப்பதுதான். ஐரோப்பாவில் யூஃபா (ஐரோப்பியக் கால்பந்து அமைப்பு) தரும் சி, பி, ஏ, கடைசியில் ப்ரோ என்று படிப்படியாகப் போகும். ஆடிக்கொண்டிருக்கும்போதே ஆரம்பித்துவிடுங்கள்.

அப்புறம், எடுத்தவுடன் பெரிய அணிக்குத் தாவாதீர்கள். ஸ்பெயின் ஆட்டக்காரர் ஷாபி அலோன்சோவைப் பாருங்கள்: 2008, 2012 யூரோ கோப்பை, 2010 உலகக் கோப்பை, லிவர்பூலுடனும் ரியல் மாட்ரிடுடனும் சாம்பியன்ஸ் லீக் என்று எல்லாம் ஜெயித்த மனிதர், 2017-ல் ஓய்வு பெற்ற பிறகு ரியல் மாட்ரிடின் சிறுவர் அணியைத்தான் முதலில் கையில் எடுத்தார், பிறகு ரியல் சோசியடாட் கிளப்பின் பி அணியில் (இரண்டாம் அணியில்) மூன்று வருடம். 2022 அக்டோபரில் அவர் ஜெர்மனியின் லெவர்குசனுக்கு வந்தபோது அந்த அணி பட்டியலில் கடைசிக்கு முந்தைய இடத்தில் கிடந்தது. 2023-24-ல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான பன்டஸ்லிகா பட்டம்!

உங்கள் கால் தானாகச் செய்ததை வாயால் விளக்கப் பழகுங்கள், இதுதான் உண்மையில் கஷ்டம். நன்றாக ஆடியவர்கள் பலர் இங்கேதான் திணறுகிறார்கள், 'இதுகூடத் தெரியாதா' என்று எரிச்சல்படுவார்கள். சிறுவர்களிடம் சொல்லிப் பாருங்கள், புரியவில்லை என்றால் முகத்திலேயே தெரிந்துவிடும். பயிற்சி நேரத்தை வீடியோ எடுத்து, நீங்கள் எவ்வளவு நேரம் பேசினீர்கள், அவர்கள் எவ்வளவு நேரம் சும்மா நின்றார்கள் என்று கணக்குப் போடுங்கள்.