மலையில் திறன் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் வேலைவாய்ப்பைப் பெருக்க எண்ணுவோர் செய்யும் பெரிய தவறு, மலையில் உழைப்பவருக்குத் திறன் எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு பயிற்சியைத் தொடங்குவதுதான். தேயிலைச் செடியைக் கவாத்து செய்பவர், அதாவது கிளைகளை வெட்டிச் சீராக்குபவர், செடியின் வயதையும் தண்டின் பருமனையும் பார்த்தே வெட்டும் உயரத்தைத் தீர்மானிக்கிறார். கத்தி தவறான சாய்வில் இறங்கிக் கிளை பிளந்தால் அந்தப் பக்கம் காய்ந்துபோகக்கூடும். கொழுந்து பறிக்கும் பெண்ணின் விரல்களோ, இரண்டு இலையும் ஒரு மொட்டும் கொண்ட தளிரை முற்றிய இலையிலிருந்து நொடியில் பிரித்தறிகின்றன. முற்றிய இலை மிகுந்தால் தூளின் தரம் கெடும், சிறு விவசாயிக்குக் கிடைக்கும் விலையும் இறங்கும். இவ்வளவு தேர்ச்சியையும் ‘கூலி வேலை’ என்று ஒதுக்கிவிட்டு, அதே பெண்ணைத் தையல் வகுப்பில் உட்கார வைக்கிறோம். (தையல் மீது எனக்குக் குறையில்லை, அவரைக் கேட்காமலே ஊசியைக் கையில் கொடுப்பதுதான் உறுத்துகிறது.) பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்திலேயே, அனுபவத்தால் முன்பே பெற்ற திறனை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் பிரிவு உண்டு. அங்கிருந்து தொடங்கி, இலையைத் தரம் பார்த்தல், அறுவடை இயந்திரப் பராமரிப்பு, ஆலையில் வாட்டல், நொதித்தல் என அடுத்தடுத்த படிகளைக் கற்பித்தால் கூலி உயர வழி பிறக்கும்.

ஒரே தொழிலை நம்பி ஊரையே பழக்குவது இன்னொரு தவறு. 1960இல் நிறுவப்பட்ட உதகை இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் வேலை பார்த்தவர்களின் கைத்திறனில் பழுதில்லை. டிஜிட்டல் கேமரா வந்தபின் பிலிமுக்கே தேவை சுருங்கியது, ஆலையும் மூடப்பட்டது. இன்று அதே நம்பிக்கை சுற்றுலா விடுதிகள்மேல் வைக்கப்படுகிறது. 2020 ஊரடங்கில் அறைகள் வெறிச்சோடியதையும், 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற ஆணைப்படி வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததையும் கண்ட பிறகும் வரவேற்பும் பரிமாறலும் மட்டும் கற்பிப்பது விவேகமன்று. மின்பணி, இயந்திரப் பராமரிப்பு, கணக்கு எழுதுதல் ஆகியவை விடுதியிலும் உதவும், தேயிலை ஆலையிலும் உதவும்.

தூரத்தை மறப்பதும் தவறே. கூடலூரிலிருந்து உதகைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர், அத்தனையும் மலைப்பாதை. அன்றாடக் கூலியை விட்டுவிட்டு வகுப்புக்கு வருபவருக்கு உதவித்தொகை இல்லையென்றால் இரண்டாம் வாரமே வருகை குறையும். பயிற்சிக்கும் முந்தைய படி பள்ளி. பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடிகளின் குழந்தைகளுக்கு வீட்டு மொழி வேறு, வகுப்பு மொழி வேறு. தொடக்க வகுப்பிலேயே பின்தங்கிய பிள்ளையைப் பதினெட்டு வயதில் மூன்று மாதப் பயிற்சியால் தூக்கி நிறுத்த இயலாது.

பயிற்சி பெற்றோரின் எண்ணிக்கையை மட்டும் அறிக்கையில் காட்டுவது எல்லாரும் அறிந்த தவறு. ஓராண்டு கழித்து எத்தனை பேர் அந்த வேலையில் இருக்கிறார்கள் என்பதே கேட்க வேண்டிய கணக்கு. வேலையில் நிலைக்கும்படி கற்பிக்க வகுப்பறையைவிட வேலைத்தளமே ஏற்றது. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, வேலையிடத்திலேயே தொழில் கற்கும் பழகுநருக்கு உதவித்தொகை தர வேண்டும். ஆகவே மலையின் தேயிலை ஆலைகள் பழகுநரைச் சேர்த்துக்கொண்டால் கற்கும் நாளிலேயே கையில் காசும் வரும்.