பிளஸ் டூ வருஷம்: படிப்பு பிள்ளையின் வேலை, தாள் வேலை வீட்டின் வேலை

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் "படிச்சியா?" என்ற கேள்வி ஒரு நாளைக்குப் பத்து முறையாவது எழும். இ-சேவை மையத்துக்கு யார் போவது என்ற கேள்வி மட்டும் மே மாதம் ரிசல்ட் வந்த பிறகுதான் எழும். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் அந்த வருஷத்தின் பாதித் தலைவலி குறைந்துவிடும். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரையும், அவர்களுக்குத் துணை நிற்கும் அக்கா, அண்ணன், வகுப்பாசிரியர்களையும் மனத்தில் வைத்து எழுதியது இது.

முதலில் பெயர், பிறகு சான்றிதழ்

ஜூன் மாதமே ஒரு மாலைப்பொழுதில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிப் பாஸ்புக் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் "மு. கவிதா", இன்னொன்றில் "கவிதா முருகன்", மூன்றாவதில் "கவிதா எம்" என்று இருக்கும். பிறந்த தேதியில் ஓர் எண் மாறியிருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளது சரியாக இருந்தால் அதையே அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள். பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியலைப் பள்ளி தயாரிக்கும்போது இனிஷியல், தமிழ் எழுத்து, புகைப்படம் எல்லாவற்றையும் பிள்ளையோடு உட்கார்ந்து ஒருமுறை சரிபார்த்துவிட வேண்டும். அப்போது ஐந்து நிமிஷ வேலை. மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்தபின் அதே பிழையைத் திருத்தத் தேர்வுத்துறைக்கு அலைய நேரும்.

சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் ஒன்றுக்கு 60 ரூபாய். விண்ணப்பம் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) என்று மேலே போய்ச் சேர வேண்டும். மே, ஜூனில் ஊரே விண்ணப்பிக்கும் என்பதால் அப்போது தேங்கி நிற்கும். சாதிச் சான்றிதழ் பழைய அட்டையாக மட்டும் இருந்தால், இப்போதே இணையச் சான்றாக வாங்கிவிடுங்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழும் இப்போதே வாங்க வேண்டியதுதான். தாத்தா பாட்டியிலிருந்து அண்ணன் அக்காவரை யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது, உடன்பிறந்தவர் அந்தச் சான்றிதழ் தரும் கட்டணச் சலுகையை ஏற்கெனவே வாங்கியிருக்கவும் கூடாது. பிறப்பிடச் சான்றிதழுக்கு எல்லோரும் ஓட வேண்டியதில்லை. பொறியியல் கவுன்சிலிங்கைப் பொறுத்தவரை, எட்டு முதல் பன்னிரண்டுவரை எந்த வகுப்பையாவது வெளிமாநிலத்தில் படித்தவர்களுக்குத்தான் அது தேவை.

வருமானச் சான்றிதழில் மட்டும் அவசரம் காட்டாதீர்கள். அதற்கு ஓராண்டுதான் ஆயுள். ஜூனில் வாங்கினால் அடுத்த ஜூனில், கல்லூரி கேட்கும் நேரம் பார்த்துக் காலாவதியாகும். ஏப்ரலில் விண்ணப்பிப்பதே சரி. ஐஐடி, என்ஐடி, அகில இந்திய மருத்துவ இடம் போன்றவற்றுக்குக் கேட்கும் ஓபிசி சான்றிதழும் அப்படித்தான். மாநில அரசின் பிசி, எம்பிசி சான்றிதழ் அங்கே செல்லாது. மத்தியப் பட்டியலின்படி, அந்த நிதியாண்டில் வாங்கிய தனிச் சான்றிதழ் வேண்டும்.

அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் இன்னொரு தாளும் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு போனஃபைடு, அதாவது அந்தப் பள்ளியில் படித்ததற்கான சான்று, வேண்டும். மூன்று பள்ளி மாறிய பிள்ளைக்கு மூன்று தலைமையாசிரியரின் கையெழுத்தும் தேவைப்படும். கோடை விடுமுறையில் அவர்களைத் தேடிப் பிடிப்பதைவிட ஜனவரியில் போய் வாங்குவது எளிது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருவதற்கு, பிள்ளையின் பெயரிலேயே வங்கிக் கணக்கும் அதில் ஆதார் இணைப்பும் வேண்டும். வங்கியில் ஆதார் நகல் கொடுத்ததே இணைப்பு ஆகிவிடாது. "மானியப் பணம் வருமாறு ஆதார் சீடிங் ஆகியிருக்கிறதா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

மதிப்பெண் எங்கே ஒளிந்திருக்கிறது

மொத்தம் 600. செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறை இல்லாதவற்றில் 90, 10. தேர்ச்சிக்கு 35 என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் செய்முறைப் பாடத்தில் 70க்குக் குறைந்தது 15 எழுத்துத் தேர்விலேயே எடுக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் முழுதாக 30 வாங்கி, எழுத்தில் 14 எடுத்தவர் 44 மதிப்பெண்ணோடு ஃபெயில்தான்.

பொறியியலுக்குக் கட்ஆஃப் 200. கணிதம் அப்படியே நூறும் சேரும், இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாகச் சேரும். கணிதம் 92, இயற்பியல் 84, வேதியியல் 88 என்றால் 92 + 42 + 44 = 178. கணிதத்தில் கூடும் ஒரு மதிப்பெண் கட்ஆஃபில் ஒன்று, இயற்பியலில் கூடுவது அரைதான். கட்ஆஃப் சமமானால் முதலில் பார்ப்பதும் கணிதத்தையே. அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளிலோ மொழிப்பாடம் நீங்கலாக நான்கு பாடங்களையும் கூட்டி 400க்குத் தரவரிசை போடுவார்கள். தமிழ் இலக்கியம் கேட்பவருக்குத் தமிழ் மதிப்பெண்தான் கணக்கு. ஆகவே எந்தப் பாடத்துக்கு மணிநேரம் ஒதுக்குவது என்பது, பிள்ளை எங்கே போக நினைக்கிறது என்பதைப் பொறுத்தது. பொதுவாக "எல்லாம் நல்லாப் படி" என்பதால் பயனில்லை.

கணிதத்தில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 20, இயற்பியல், வேதியியலில் 15. இவற்றை ஜனவரிக்குப் பிறகு தினம் இருபது நிமிஷம் ஓட்டினாலே போதும். பெற்றோருக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை, புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டால் சரி. இன்னொரு கண்ணி, கட்டாய வினா. இயற்பியல், வேதியியல் தாளில் 16 முதல் 24வரை ஏதேனும் ஆறு எழுதச் சொல்வார்கள். அதில் 24 கட்டாயம். அதை விட்டுவிட்டு வேறு ஆறு எழுதினால் ஐந்துக்குத்தான் மதிப்பெண் கிடைக்கும். 33ஆம் வினாவும் அப்படியே. கணிதத்தில் 30, 40. பிப்ரவரியில் வாரம் ஒரு முழுத்தாளைக் கடிகாரம் வைத்து மூன்று மணிநேரம் உட்கார்ந்து எழுதினால் இதெல்லாம் கைப்பழக்கமாகிவிடும். தேர்வுக்கு முந்தைய வாரம் புதுப் பாடம் எடுக்கவிடாதீர்கள். இரவு தூக்கத்தை வெட்டவும் வேண்டாம்.

நுழைவுத் தேர்வு வேண்டுமா என்று ஆகஸ்டில் கேளுங்கள்

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபிறகு யோசிக்கலாம் என்று விட்டால் பல கதவுகள் மூடியிருக்கும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் டிசம்பரிலேயே நடந்துவிடும். என்ஐடி போன்றவற்றுக்கான ஜேஇஇ மெயின் ஜனவரியிலும் ஏப்ரலிலும். நீட் வழக்கமாக மே மாத முதல் ஞாயிறு, விண்ணப்பம் அதற்கு மாதங்கள் முன்னே. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட், ஆர்க்கிடெக்சருக்கு நாட்டா.

டாக்டர் கனவு உள்ள வீட்டில் ஒரு விஷயத்தை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். எம்பிபிஎஸ், பிடிஎஸ், சித்தா, ஓமியோபதிக்கு நீட் கட்டாயம். பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம், வேளாண்மை, மாநில ஒதுக்கீட்டில் கால்நடை மருத்துவம் எல்லாம் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணில் சேருபவை. நீட்டுக்காகப் பள்ளிப் பாடத்தைக் கைவிட்ட பிள்ளை இந்த இரண்டாவது வரிசையையும் இழக்கிறது. ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று வைத்துக்கொள்ளாமல், மே, ஜூனில் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பதிவு செய்துவிடுங்கள். பொறியியல் பதிவுக்கு 500 ரூபாய், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 250. அரசுக் கலைக் கல்லூரிக்கு அதைவிட மிகக் குறைவுதான்.

பதிவில் கொடுக்கும் செல்பேசி எண் வீட்டு எண்ணாகத்தான் இருக்க வேண்டும். ப்ரௌசிங் சென்டர்காரர் தன் எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுவிட்டால் ஓடிபி அவருக்குப் போகும், பாஸ்வேர்டு அவரிடம் இருக்கும், ஒதுக்கீடு வந்த அன்று கடை பூட்டியிருக்கும்.

சாய்ஸ் ஃபில்லிங்: இங்கேதான் உட்கார வேண்டும்

பொறியியல் கவுன்சிலிங்கில் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு வேண்டும் என்று இணையத்தில் வரிசையாகப் பதிவதுதான் சாய்ஸ் ஃபில்லிங். வருஷம் முழுக்கப் படித்ததை இரண்டு நாளில் வீணாக்கக்கூடிய இடம் இது. கம்ப்யூட்டர் உங்கள் தரவரிசை வந்ததும் பட்டியலின் மேலிருந்து கீழே இறங்கும். காலியாக உள்ள முதல் இடத்தைக் கொடுக்கும். எட்டாத கல்லூரியை முதலில் எழுதியதால் கீழே உள்ளது கை நழுவாது. ஆனால் பிடிக்காததை மேலே எழுதினால் அதுதான் கிடைக்கும், கீழே இருக்கும் பிடித்ததைக் கம்ப்யூட்டர் பார்க்கவே பார்க்காது. ஆகவே வரிசை விருப்பப்படி இருக்கட்டும், கட்ஆஃப்படி வேண்டாம்.

கட்ஆஃப் எதற்கு என்றால், பட்டியலின் நீளத்தை முடிவு செய்ய. முந்தைய ஆண்டு எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவு, உங்கள் சாதிப் பிரிவில் எத்தனையில் முடிந்தது என்பதைக் கவுன்சிலிங் தளத்திலேயே பார்க்கலாம். 178 எடுத்தவர் 185இல் முடிந்தவற்றிலிருந்து 165இல் முடிந்தவைவரை எழுதிக்கொள்ளட்டும். பதினைந்து சாய்ஸோடு நிறுத்துவது ஆபத்து, அறுபது எழுபது எழுதினாலும் தவறில்லை. முதலில் நோட்டுப் புத்தகத்தில் கல்லூரி எண், பிரிவுக் குறியீட்டோடு எழுதி, பிறகு கணினியில் ஏற்றுங்கள். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் நிறைய. பெயரைப் பார்த்து டிக் செய்தவர் நூறு கிலோமீட்டர் தள்ளி இடம் வாங்கியிருப்பார். பஸ் எத்தனை மணிக்கு, ஹாஸ்டல் உண்டா என்பதையும் நோட்டிலேயே குறித்துவிடுங்கள். விடுதிச் செலவு தாங்காத வீட்டுக்கு அந்தக் கல்லூரி பட்டியலில் இருக்கவே வேண்டியதில்லை.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஐந்து வழிகள் திரையில் வரும். ஏற்றுச் சேர்கிறேன் என்றால் குறித்த நாளுக்குள் நேராகக் கல்லூரிக்குப் போக வேண்டும். ஏற்கிறேன், மேலே கிடைத்தால் மாறுகிறேன் என்றால் டிஎஃப்சி எனப்படும் உதவி மையத்தில் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கையில் உள்ள இடம், மேலே போகும் வாய்ப்பு இரண்டும் போய்விடும். மேலே ஒன்று கிடைத்துவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. கையில் உள்ளதை வேண்டாம் என்று சொல்லி மேலே மட்டும் காத்திருப்பது மூன்றாவது. அடுத்த சுற்றுக்குப் போவது நான்காவது. விலகுவது ஐந்தாவது. எதையும் அழுத்தாமல் இருந்தால் இடம் போய்விடும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டாவதுதான் பொருந்தும், பணத்தை மட்டும் கையில் தயாராக வைத்திருக்க வேண்டும். ரிசல்ட் வருமுன்னே தனியார் கல்லூரிக்கு அட்வான்ஸ் கட்டுவதையும் அசல் சான்றிதழ்களை ஒப்படைப்பதையும் நாங்கள் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டோம்.

மதிப்பெண் குறைந்தால்

எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக வந்தால் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். நகல் வாங்கியவர்தான் மறுமதிப்பீடு கேட்க முடியும், அவகாசமும் சில நாள்தான். பாட ஆசிரியரிடம் நகலைக் காட்டியபின் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுங்கள். பிளஸ் டூ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஒரு பாடம் போய்விட்டால் அன்று வீட்டில் பெரிய கூட்டம் சேர்க்காதீர்கள். உறவினர் போனை வேறு யாராவது எடுக்கட்டும், பிள்ளையைத் தனியே விடாதீர்கள். 104க்கு அழைத்தால் ஆலோசகர் பேசுவார், பள்ளிக் கல்வித் துறையின் உதவிக்கு 14417. துணைத் தேர்வு அதே கோடையில் வந்துவிடும், அதற்கான விண்ணப்பம் ரிசல்ட் வந்த சில நாளிலேயே தொடங்கும். அதில் தேறியவர்களுக்குப் பொறியியலில் துணைக் கவுன்சிலிங்கும் உண்டு. அங்கேயும் கேட்பது இதே சான்றிதழ்களைத்தான். அதனால் அந்த ஃபைலை அலமாரியின் அடியில் போட்டுவிடாதீர்கள்.