கிட் காரில் எஞ்சின் மாற்றும்போது கிளட்ச் பாகங்களில் செய்யக்கூடாத தவறுகள்

கிட் காரில் (பாகங்களை வாங்கி நாமே கட்டும் கார்) வேறு எஞ்சின் வைப்பவர்கள் மவுண்ட், எக்ஸாஸ்ட், வயரிங் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். கிளட்ச் விஷயத்தில் மட்டும் எஞ்சினின் பெயரைச் சொல்லி ஒரு முழு செட்டை வாங்கிவிடுகிறார்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே காரிலிருந்து ஜோடியாக வந்திருந்தால் அது போதும். வெவ்வேறு கார்களிலிருந்து வந்தவை என்றால் அந்த செட்டில் பாதி உங்களுக்குப் பொருந்தாது.

எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீல் எஞ்சினைச் சார்ந்தது. கிளட்ச் பிளேட்டை அதன்மேல் அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் ஃபிளைவீலைச் சார்ந்தது. கிளட்ச் பிளேட்டின் வெளிவிட்டம் பிரஷர் பிளேட்டோடு ஒத்துப்போக வேண்டும். நடுவில் உள்ள ஸ்ப்லைன் (ஷாஃப்டைக் கவ்வும் பல்வரிசை) கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டோடு ஒத்துப்போக வேண்டும். பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் இரண்டு பக்கமும் பொருந்தியாக வேண்டும்: அதன் உள்விட்டம் கியர்பாக்ஸின் வழிகாட்டிக் குழாய்க்கு, அதன் முகம் பிரஷர் பிளேட்டின் ஃபிங்கர்களுக்கு (டயஃப்ராம் ஸ்பிரிங்கின் விரல் போன்ற நாக்குகள்). ஆகவே வாங்கும் வரிசையும் இதுதான். எஞ்சின், கியர்பாக்ஸ், பெல் ஹவுசிங் (இரண்டையும் இணைத்து கிளட்சை மூடும் கூடு) மூன்றும் கைக்கு வந்து, அளவெடுத்த பிறகுதான் கிளட்ச்.

ஸ்ப்லைன் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது

லோட்டஸ் செவன் பாணிக் கார்களில் அதிகம் பயன்படும் ஃபோர்டு டைப் 9 கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் 1 அங்குல விட்டம், 23 ஸ்ப்லைன். கோப்ரா பாணிக் கார்களில் வரும் மஸ்டாங் டி5 கியர்பாக்ஸுக்கு 1 1/16 அங்குலம், 10 ஸ்ப்லைன். அதே டி5, ஜெனரல் மோட்டார்ஸ் கார்களிலிருந்து வந்தால் 26 ஸ்ப்லைனாக இருக்கலாம். கியர்பாக்ஸின் பெயர் ஒன்றாக இருப்பதால் ஷாஃப்டும் ஒன்றாக இருக்கும் என்று நம்பாதீர்கள். பல்லை எண்ணுங்கள், வெர்னியரால் வெளிவிட்டத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிளேட் வந்ததும் ஷாஃப்டில் கையால் தள்ளிப் பாருங்கள். விரல் நுனியின் அழுத்தத்திலேயே முழு நீளமும் வழுக்கிப் போக வேண்டும். எந்த இடத்திலும் பிடிக்கக் கூடாது, தளர்ந்து ஆடவும் கூடாது.

நீளம் இன்னொரு விஷயம். டைப் 9-இலேயே வி6 எஞ்சினுக்கு வந்த வகையின் இன்புட் ஷாஃப்ட், நான்கு சிலிண்டர் வகையைவிட நீளமானது. தேவைக்கு மேல் நீளமான ஷாஃப்டோடு பெல் ஹவுசிங் போல்ட்களை இறுக்கினால் அதன் நுனி கிராங்க் துளையின் அடியில் முட்டும். போல்ட் போட்டு இழுத்துச் சேர்க்க வேண்டிய நிலை வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தொடர்ந்து இறுக்கினால் கிராங்கின் த்ரஸ்ட் பேரிங்கும் கியர்பாக்ஸின் முன் பேரிங்கும் சேர்ந்து கெடும். சரியான ஜோடி கை அழுத்தத்திலேயே முகத்தோடு முகம் உட்கார்ந்துவிடும்.

ஃபிளைவீலை வெறும் இரும்புத் தட்டாக நினைப்பது

போல்ட் துளைகள் பொருந்திவிட்டால் ஃபிளைவீலும் பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை. ஃபோர்டு 302 வி8 எஞ்சின் இதற்குத் தெளிவான உதாரணம். 1980களின் தொடக்கம் வரை வந்த எஞ்சின்களுக்கு 28 அவுன்ஸ் பேலன்ஸ் (கிராங்கைச் சமன்செய்ய ஒரு பக்கம் வைக்கும் கூடுதல் எடையின் அளவு) உள்ள ஃபிளைவீல் வேண்டும். அதற்குப் பின் வந்தவற்றுக்கு 50 அவுன்ஸ். இரண்டும் ஒரே கிராங்கில் அழகாக உட்காரும். ஆனால் மாற்றிப் போட்டால் வேகம் ஏற ஏற எஞ்சின் அதிர்ந்துகொண்டே இருக்கும். மவுண்ட், டயர், புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று தேடித் தேடி அலுத்துப்போவீர்கள். கிராங்கின் முன்முனையில் அதிர்வைத் தணிக்கும் டாம்பரும் அதே எண்ணைச் சார்ந்தது. இதே குடும்பத்து எஞ்சின்களில் ஃபிளைவீலின் விளிம்பில் ஸ்டார்ட்டர் பற்றும் ரிங் கியர் 157 பல், 164 பல் என இரண்டு வகை உண்டு. பெல் ஹவுசிங்கும் ஸ்டார்ட்டரும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

சில எஞ்சின்களில் கிராங்க் சென்சார் படிக்கும் பற்கள் ஃபிளைவீலிலேயே வெட்டப்பட்டிருக்கும். எடை குறைந்த ஃபிளைவீல் வாங்கும்போது அந்தப் பற்கள் அதிலும் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

டூயல் மாஸ் ஃபிளைவீலைக் கழற்றிவிட்டு ஒற்றைத் தட்டு ஃபிளைவீல் போடுபவர்கள் பழைய கிளட்ச் பிளேட்டையே வைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் தவறு. டூயல் மாஸ் வகையில் அதிர்வை விழுங்கும் ஸ்பிரிங்குகள் ஃபிளைவீலுக்குள் இருக்கும். அதனால் பிளேட்டின் நடுப்பகுதி பெரும்பாலும் ஸ்பிரிங் இல்லாமல் வரும். அதை ஒற்றைத் தட்டோடு போட்டால் அதிர்வை வாங்க எதுவுமே இல்லை. ஐடிலில் கியர்பாக்ஸ் கடகடக்கும், நாளடைவில் ஸ்ப்லைன் தேயும். நடுவில் ஸ்பிரிங் உள்ள பிளேட்டைத்தான் போட வேண்டும். போடும்போது ஃபிளைவீல் பக்கம் எது என்று பாருங்கள். திருப்பிப் போட்டால் ஸ்பிரிங் கூடு கிராங்க் போல்ட் தலைகளில் உரசும். சரியாகப் போட்டாலும், உயரமான தலையுள்ள போல்ட்களை மாற்றிப் பயன்படுத்தியிருந்தால் இதே உரசல் வரும். பிளேட்டை ஃபிளைவீல்மேல் வைத்துக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தேவைக்கு மேல் வலுவான கிளட்ச்

கிளட்ச் தாங்கும் டார்க்கை (முறுக்குவிசை) கணக்கிடுவது கடினமில்லை. உராய்வு முகங்கள் 2, உராய்வுக் குணகம், பிரஷர் பிளேட்டின் அழுத்தும் விசை, சராசரி ஆரம் ஆகிய நான்கையும் பெருக்கினால் போதும். வெளிவிட்டம் 215 மி.மீ., உள்விட்டம் 145 மி.மீ. உள்ள பிளேட்டின் சராசரி ஆரம் 90 மி.மீ. சாதாரண ஆர்கானிக் லைனிங்கின் குணகம் சுமார் 0.3. அழுத்தும் விசை 4,500 நியூட்டன் என்றால் 2 × 0.3 × 4,500 × 0.09 = 243 நியூட்டன் மீட்டர். எஞ்சினின் உச்ச டார்க் 185 என்றால் இது சுமார் 1.3 மடங்கு. சாலையில் ஓடும் காருக்கு 1.2 முதல் 1.5 மடங்கு வரை போதுமானது.

பந்தயக் கார்களில் போடும் செராமிக் துண்டு பிளேட்டை 600 கிலோ எடையுள்ள காரில் போடுவதில் எந்தப் பயனும் இல்லை. கார் நகரத் தொடங்கும்போது கிளட்சில் உண்டாகும் வெப்பம் காரின் எடையைப் பொறுத்தது. இலகுவான காரில் அந்த வெப்பமே குறைவு. செராமிக் பிளேட் திடீரென்று கவ்வும், கார் குதிக்கும், மெதுவாக நகரும் நெரிசலில் ஓட்டுவது தண்டனையாகிவிடும். அழுத்தும் விசை கூடுவதால் பெடலும் கனக்கும். மெல்லிய தகட்டில் பெடல் பெட்டி அமைந்த கிட் கார்களில் அந்த விசை தகட்டையே வளைக்கும். நீங்கள் மிதிக்கும் தூரத்தில் ஒரு பகுதி அங்கேயே வீணாகும்.

பைலட் பேரிங்கும் அடாப்டர் பிளேட்டும்

குறுக்காக அமைந்த முன்சக்கர இயக்க எஞ்சினை நீளவாக்கில் திருப்பி வைக்கும்போது, கிராங்கின் பின்முனையில் பைலட் பேரிங் (இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தாங்குவது) இல்லாமல் இருப்பது சகஜம். பின்சக்கர இயக்கக் கியர்பாக்ஸின் ஷாஃப்ட் நுனிக்கு அது கட்டாயம் வேண்டும். கிராங்க் துளையின் விட்டம், ஷாஃப்ட் நுனியின் விட்டம் இரண்டையும் அளந்து, இடையில் பொருந்தும் பேரிங்கோ புஷ்ஷோ செய்துகொள்ள வேண்டும். எஞ்சினுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் இடையே 10 மி.மீ. அடாப்டர் பிளேட் வைத்தால் ஷாஃப்ட் நுனி கிராங்கிலிருந்து 10 மி.மீ. பின்னால் போகிறது என்பதை மறக்காதீர்கள். நுனி பேரிங்கின் விளிம்பை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

டோவல் பின் (மையத்தை நிலைநிறுத்தும் முள்) இல்லாமல் வெறும் போல்ட்களால் நிற்கும் அடாப்டர் பிளேட்டை ஏற்கவே வேண்டாம். போல்ட் துளையில் இருக்கும் இடைவெளியே மையத்தை நகர்த்தப் போதும். டயல் கேஜைக் கிராங்கில் பொருத்தி, பெல் ஹவுசிங்கின் மையத் துளையைச் சுற்றிப் பாருங்கள். மைய விலகல் 0.13 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கேஜில் அதன் இருமடங்கு, அதாவது 0.26 வரை காட்டும். இதற்கு மேல் போனால் பிளேட்டின் நடுப்பகுதி ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து வளைந்து கடைசியில் விரிசல் விடும்.

ரிலீஸ் பேரிங்கின் தூரத்தைக் கண்ணளவில் விடுவது

கியர்பாக்ஸை மீண்டும் இறக்க வைக்கும் பெரும்பாலான தவறுகள் இங்கேதான். ஷாஃப்டைச் சுற்றி அமரும் ஹைட்ராலிக் பேரிங் வகையில் இரண்டு அளவுகள் வேண்டும். பெல் ஹவுசிங்கின் வாய் முகத்திலிருந்து, முழுவதும் பின்னால் தள்ளிய பேரிங்கின் முகம் வரை ஒன்று. பிரஷர் பிளேட்டை முழுதாக இறுக்கிய பின், எஞ்சின் முகத்திலிருந்து ஃபிங்கர் நுனி வரை மற்றொன்று. இறுக்காத பிரஷர் பிளேட்டின் ஃபிங்கர்கள் வேறு உயரத்தில் நிற்கும். அப்போது எடுத்த அளவு உதவாது.

முதல் அளவு 62, இரண்டாவது 55, இடையில் 3 மி.மீ. தகடு என்று வையுங்கள். இடைவெளி 62 + 3 − 55 = 10 மி.மீ. கிளட்ச் விடுபட 9 மி.மீ. நகர வேண்டும், பேரிங்கின் மொத்த ஓட்டம் 16 மி.மீ. என்றால், 10 + 9 = 19 ஆகிறது. பேரிங்கின் பிஸ்டன் தன் சீலைத் தாண்டி வெளியே வந்து எண்ணெயைக் கொட்டும். பேரிங்குக்குப் பின்னால் 4 மி.மீ. ஷிம் (இடைத்தகடு) வைத்தால் இடைவெளி 6, மொத்தம் 15.

அப்படியானால் இடைவெளியை ஒரேயடியாகக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. பிளேட் தேயத் தேய ஃபிங்கர்கள் பேரிங்கை நோக்கி வரும். டயஃப்ராமின் நெம்புகோல் விகிதத்தால், 1 மி.மீ. தேய்மானத்துக்கு அவை சுமார் 3 முதல் 4 மி.மீ. நகரும். பேரிங் பின்வாங்க இடம் இல்லாதபோது கிளட்ச் எப்போதும் பாதி மிதித்த நிலையில் இருக்கும். புதிய பிளேட் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே வழுக்க ஆரம்பிக்கும். பேரிங் தயாரிப்பாளர் ஓர் இடைவெளியைக் குறிப்பிட்டிருந்தால் அதையே வையுங்கள்.

ஒரு நெம்புகோல் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க் வகையில் இந்தச் சிக்கல் வேறு உருவில் வரும். புதிய பிரஷர் பிளேட் உயரமாகவோ தாழ்வாகவோ இருந்தால் ஃபோர்க் சாய்ந்து நிற்கும். பாதி ஓட்டத்திலேயே பெல் ஹவுசிங்கின் ஓரத்தில் இடிக்கும். ஃபோர்க் தாங்கும் பிவட் போல்ட்டின் உயரத்தை மாற்றித்தான் இதைச் சரிசெய்ய முடியும். ஃபோர்க்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் தள்ளுகம்பியை நீட்டி ஒப்பேற்றினால் சாய்வு அப்படியே இருக்கும்.

மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்தம் பார்க்காமல் எடுப்பது

பெடலை மிதித்தால் ஸ்லேவுக்கு எண்ணெயைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். பெடல் 150 மி.மீ. இறங்கி விகிதம் 6:1 என்றால், அதன் தள்ளுகம்பி 25 மி.மீ. நகரும். ஸ்லேவ் சிலிண்டரின் விட்டம் 22.2 மி.மீ., ஃபோர்க் விகிதம் 1.6 என்று கொண்டால், 0.625 அங்குல மாஸ்டர் சிலிண்டர், ரிலீஸ் பேரிங்கை 8 மி.மீ. நகர்த்தும், 0.7 அங்குலம் 10 மி.மீ.; 0.75 அங்குலம் 11.5 மி.மீ. தேவை 9 மி.மீ. என்றால் முதலாவது போதாது, கியர் உறுமும். மூன்றாவதில் பெடல் கனக்கும், டயஃப்ராம் அளவுக்கு மேல் மடங்கும். 0.7 சரி, ஆனால் அதிலும் பெடலுக்கு ஒரு நிறுத்துத் திருகு வையுங்கள். நிறுத்தம் இல்லாத பெடல்தான் ஹைட்ராலிக் பேரிங்குகளைக் கொல்கிறது.

பிரஷர் பிளேட்டின் எம்8 போல்ட்களைக் குறுக்கு வரிசையில் சிறிது சிறிதாக, 25 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்குங்கள். புதிய பிரஷர் பிளேட்டின் முகத்தில் துருத்தடுப்பு எண்ணெய் இருக்கும். பிரேக் கிளீனரால் துடைக்காமல் போட்டால் கவ்வும்போது அதிரும். ஸ்ப்லைனில் கிரீஸ் மெல்லிய படலமாக மட்டும்.

எல்லாம் பொருத்திய பின், உடல் தகடுகளை மூடும் முன்பே சோதித்துவிடுங்கள். எஞ்சின் ஐடிலில் ஓட, பெடலை முழுதாக மிதித்து நான்கு விநாடி காத்து, ரிவர்ஸ் போடுங்கள். உறுமினால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. ஸ்லேவ் நகரும் தூரத்தை ஸ்கேலால் அளங்கள். கணக்கிட்டதைவிடக் குறைந்தால் குழாயில் காற்று இருக்கிறது, அல்லது பெடல் பெட்டி வளைகிறது. தூரம் சரியாக இருந்தும் உறுமினால் பைலட் பேரிங் ஷாஃப்டைப் பிடித்திருக்கலாம், பிளேட் ஸ்ப்லைனில் சிக்கியிருக்கலாம், அல்லது பிளேட் திருப்பிப் போடப்பட்டிருக்கலாம். மூன்றுக்குமே கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும்.