மாளிகை மேலே ட்ரோன் பறக்கும் முன்

செட்டிநாட்டு மாளிகைகளைப் படமெடுக்க கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் ட்ரோனோடு கிளம்புகிறீர்களா? முதலில் பதிவு எண் வாங்குங்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி, பொழுதுபோக்குக்குப் பறக்கவிட்டாலும் தனி அடையாள எண் வேண்டும். கட்டணம் வெறும் 100 ரூபாய். ட்ரோனின் வரிசை எண்ணோடு ரிமோட்டின் எண்ணும் அந்தப் பதிவில் சேரும். ரிமோட் பழுதாகி வேறு வாங்கினால் பதிவிலும் மாற்றிவிடுங்கள். பலரும் விடுவது இதைத்தான்.

2 கிலோ வரையிலான ட்ரோனைச் சும்மா ஆசைக்கு ஓட்ட பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் தெரிந்தவர் வீட்டுக் கல்யாணத்தைக் காசு வாங்கிக்கொண்டு எடுத்தால் அது தொழில். 250 கிராமைத் தாண்டிய ட்ரோனுக்கு அப்போது சான்றிதழ் கேட்பார்கள். மூன்றாம் நபர் காப்பீடோ, இந்த எடைக்கு மேல் எதற்காகப் பறந்தாலும் வேண்டும்.

சிங்கப்பூர் மாமா வாங்கி வருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2022 பிப்ரவரி முதல் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை.

பறக்கும் நாளன்று வான்வெளி வரைபடத்தைப் பாருங்கள். பச்சைப் பகுதியில் 400 அடி வரை அனுமதி கேட்க வேண்டாம். அப்புறம், மேலிருந்து பார்த்தால் வளவு, அதாவது வீட்டின் நடு முற்றம், முழுக்கத் தெரியும். அங்கே வற்றல் காயும், பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், சட்டம் கேட்கிறதோ இல்லையோ.

விழுந்து விபத்தானால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். விதிமீறலுக்கு அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை போகும்.